தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு கப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கியதும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். தண்ணீர் எதில் கொடுப்பது, பாட்டிலா சிப்பரா, அம்மா வேலைக்குப் போனால் பாலை எப்படிப் புகட்டுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நேரடியாகத் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளின் அம்மாக்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

ஆறு மாதம் முடிந்து, திட உணவு தொடங்கும் அதே நாட்களில் தொடங்கலாம். ராகிக் கூழோ பருப்பு சாதமோ இரண்டு வாய் ஊட்டிய பிறகு ஒரு மடக்கு தண்ணீர் கொடுக்க எப்படியும் ஒரு பாத்திரம் வேண்டும். அந்த இடத்தில் கப்பைக் கொண்டுவாருங்கள்.

மாதக் கணக்கோடு குழந்தையையும் பாருங்கள். கழுத்து நன்றாக நிற்க வேண்டும். இடுப்பில் லேசாகப் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். நீங்கள் டம்ளரை எடுக்கும்போது கண் அதன் பின்னால் போய், கையும் நீண்டால் குழந்தை தயார். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் மாதத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு போகுமே, நாலு மாதக் குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். வெயில் அதிகமென்றால் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், தாகமும் தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்து பால் குடிப்பது குறையும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரைகூடப் போகலாம். பெரியவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள், அதனால் சண்டை வேண்டாம். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறான், நிறமும் வெளிறித்தான் இருக்கிறது என்று காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

நேரடியாகப் பால் கொடுக்கிறேன், எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. எனக்கு சிப்பர் தேவையா?

கட்டாயமில்லை. மூடியும் வால்வும் போட்ட சிப்பர், கவிழ்த்தாலும் சிந்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த பொருள். குழந்தையின் வளர்ச்சிப் படிகளில் சிப்பர் என்று ஒரு படி கிடையாது. மார்பிலிருந்து நேரே சின்ன டம்ளருக்குப் போகலாம், பாட்டிலையும் தாண்டிவிடலாம். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அதுதான் எளிய வழி என்பது என் கருத்து. பாட்டிலைப் பழக்கினால் ஒரு வயதுக்குப் பிறகு அதை மறக்கடிக்க இன்னொரு பாடுபட வேண்டும்.

பயணம், காப்பகம், வேலைக்குப் போகும் அம்மா என்று சூழல் இருந்தால் சிப்பர் உதவியாக இருக்கும். அப்போதும் வீட்டில் டம்ளர், வெளியில் சிப்பர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் பத்து வகை இருக்கிறது. எதை வாங்குவது?

பேர் சூட்டு விழாவில் யாராவது வெள்ளி டம்ளரும் பாலாடையும் கொடுத்திருப்பார்கள், முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விளிம்பு மழுங்கிய, குழந்தையின் வாய்க்கு ஏற்ற சின்ன டம்ளர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் கிடைக்கும் குட்டி எவர்சில்வர் டம்ளர் போதும். விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள், கூராக இருந்தால் ஈறில் படும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வித்தியாசங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் மூக்கு வைத்தவை முதல் வகை. உள்ளே வால்வு இருந்தால் கவிழ்த்தாலும் சிந்தாது. ஆனால் குழந்தை பலமாக உறிஞ்சினால்தான் வரும், அதாவது கிட்டத்தட்ட பாட்டிலில் சப்புவதுபோலத்தான் வாய் வேலை செய்யும். டம்ளரில் குடிக்கத் தேவையான உதட்டுப் பழக்கம் அதில் வராது. சிலிக்கான் மூக்கு ஈறுக்கு மென்மையாக இருக்கும், பல் வந்ததும் கடித்துக் கிழிக்கும். ஸ்ட்ரா வைத்தவை எனக்குப் பிடித்தவை. உதட்டைக் குவித்து உறிஞ்ச வேண்டியிருப்பதால் வாய்த் தசைகளுக்கு நல்ல வேலை. பல குழந்தைகள் ஒன்பதாம் மாதத்தையொட்டி ஸ்ட்ராவைப் பிடித்துக்கொள்கிறார்கள். விளிம்பைச் சுற்றி எங்கே வாய் வைத்தாலும் வரும் வட்ட மூடிக் கப்புகளும் உண்டு, அவை டம்ளருக்குக் கொஞ்சம் நெருக்கமானவை.

இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கட்டும். உள்ளே எல்லாப் பாகமும் கழன்று வர வேண்டும். பிளாஸ்டிக் என்றால் பிஸ்பீனால் ஏ (BPA) என்னும் வேதிப்பொருள் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதில் கொதிக்கும் பாலையோ வெந்நீரையோ ஊற்றாதீர்கள். விலை அதிகம் என்பதால் குழந்தை குடித்துவிடாது, முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள்.

முதல் நாள் எப்படிக் கொடுப்பது?

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இங்கேதான். நம் வீடுகளில் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள் நாம், எச்சில் படாமல் ஊற்றிக்கொள்வோம். குழந்தைக்குப் பாலாடையில் கொடுக்கும்போதும் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னத்தை அழுத்தி, அழ அழ ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. மூச்சு இழுக்கும் நேரத்தில் பால் தொண்டையில் இறங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். கப்பைப் பிடிப்பது மட்டும்தான் நம் வேலை, குடிப்பது குழந்தையின் வேலை.

குழந்தையை மடியில் நேராக உட்காரவையுங்கள். முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கலாம், அல்லது முகம் உங்களைப் பார்த்திருக்கலாம். கழுத்தில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுங்கள். டம்ளரில் முக்கால் பாகம் வரை தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ இருந்தால் அதிகம் சாய்க்காமலே விளிம்புக்கு வரும், சின்ன டம்ளர் என்றால் அதற்கும் கொஞ்சம்தான் பிடிக்கும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் மெல்ல வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து, அப்படியே நிறுத்துங்கள். குழந்தை நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும், நக்கும், பிறகு ஒரு வாய் உறிஞ்சும். விழுங்கும் வரை பொறுத்திருங்கள். வாயை எடுத்தால் நீங்களும் டம்ளரை எடுத்துவிடுங்கள்.

முதல் வாரம் வயிற்றுக்குள் போவதைவிடத் துணியில் கொட்டுவதுதான் அதிகமாக இருக்கும். அது பயிற்சி. நல்ல பசியிலும் வேண்டாம், தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம். ஒரு தடவை பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டு மனநிலையில் இருக்கும்போது கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நீங்கள் எதிரே ஒரு டம்ளரில் வாய்வைத்துக் குடித்துக் காட்டுங்கள், பார்த்துச் செய்வதில் குழந்தைகளுக்குப் பெரிய ஆர்வம்.

ஸ்ட்ரா என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஸ்ட்ராவைப் பாலில் முக்கி, மேல் ஓட்டையை விரலால் மூடி, வெளியே எடுங்கள். உள்ளே கொஞ்சம் நிற்கும். நுனியைக் குழந்தை வாயில் வைத்ததும் உதடு மூடும், விரலை எடுத்தால் சொட்டு இறங்கும். சில தடவையில், இதை உறிஞ்சினால் ஏதோ வருகிறது என்று புரிந்துகொள்ளும்.

கொடுக்கும்போது புரை ஏறுகிறது. பயமாக இருக்கிறது.

புதிதாகப் பழகும்போது ஓரிரு முறை இருமுவது சகஜம். இருமல் வந்தால் தொண்டை தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். கப்பை எடுத்துவிட்டு, குழந்தையைச் சற்று முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். உச்சந்தலையில் தட்டுவதாலும் ஊதுவதாலும் பயனில்லை. வாய்க்குள் விரல் விட்டுத் துழாவவும் கூடாது. இருமல் அடங்கிய பிறகு, அடுத்த தடவை இன்னும் குறைவாகச் சாய்த்துக் கொடுங்கள். வால்வைக் கழற்றிய சிப்பர் என்றால் பால் வேகமாக வருகிறதா என்று கவனியுங்கள்.

சத்தமே வராமல் திணறினாலோ உதடு நீலமானாலோ அது வேறு. குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 முறை தட்ட வேண்டும். சரியாகவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பில் இரண்டு விரலால் 5 முறை அழுத்தி, மறுபடி முதுகில் தட்டுங்கள். அதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். எப்போதும் அப்படித் திணறும் குழந்தை, குடிக்கும்போதெல்லாம் இருமும் குழந்தை, மூக்கு வழியாகப் பால் வரும் குழந்தை, குடித்த பிறகு மூச்சில் களகளவென்று சத்தம் வரும் குழந்தை, இவர்களைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கப் பயிற்சியைத் தொடர வேண்டும்.

கப்பைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். என்ன செய்வது?

தாய்ப்பால் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று தோன்றும் அளவுக்கு இந்தக் கேள்வி வருகிறது. அவள் பிடிவாதக்காரி இல்லை. அம்மாவின் வாசனையும் சூடும் பக்கத்தில் இருக்கும்போது குளிர்ந்த கப் எதற்கு என்று அவளுக்குத் தோன்றுவது நியாயம்தானே.

முதலில் கொடுக்கும் ஆளை மாற்றுங்கள். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். இடத்தையும் மாற்றலாம், பால் குடிக்கும் அதே மூலையில் உட்கார வேண்டாம். பாலை உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், கிண்ணத்து வெந்நீரில் வைத்தால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் கொதித்து நாக்கு சுட்டுவிடும். சிப்பரில் வால்வு இருந்தால் கழற்றிக் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு உறிஞ்சியும் வராததால் வெறுத்துப்போயிருக்கலாம். வெறும் கப்பை நாலு நாள் விளையாடக் கொடுங்கள், கடிக்கட்டும், தரையில் தட்டட்டும்.

எடுத்துவைத்த பாலை மட்டும் மறுக்கிறாளா? நீங்கள் ஒரு சொட்டு சுவைத்துப் பாருங்கள். சில அம்மாக்களின் பாலில் லிப்பேஸ் என்னும் நொதி கூடுதலாக வேலை செய்து, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்போது சோப்பு வாசனை வந்துவிடும். பால் கெட்டுப்போகவில்லை, ஆனால் குழந்தைக்குப் பிடிக்காது. பீய்ச்சியவுடன் ஓரத்தில் குமிழி வரும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, உடனே ஆறவைத்து எடுத்துவைத்தால் அந்த வாசனை வருவதில்லை.

இத்தனைக்கும் மறுத்தால் ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். பட்டினி போட்டால் வழிக்கு வருவாள் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பசித்து அழும் குழந்தையால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன திட்டம் போடுவது?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் தாண்டியிருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகுதானே கப் என்று காத்திருக்க அவரால் முடியாது. அந்தக் குழந்தைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையிலோ சின்னக் கிண்ணத்திலோ நேராக உட்காரவைத்துக் கொடுக்கலாம். பிறந்த சில நாட்களே ஆன, எடை குறைந்த குழந்தைகளுக்கே மருத்துவமனைகளில் இப்படித்தான் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு என்பதால் அவர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

வேலைக்குச் சேரும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். உங்களுக்குப் பதிலாகக் குழந்தையைப் பார்க்கப்போகிறவர் யாரோ, அவரே கப்பில் கொடுத்துப் பழகட்டும். மூன்று நிமிடத்தில் ஊற்றி முடித்துவிடும் அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு பால் வைத்துவிட்டுப் போவது? பிரிந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 45 மில்லி என்பது ஒரு தோராயக் கணக்கு. திட உணவு தொடங்கிய குழந்தைக்கு அதிலும் குறையலாம். ஒரே பாத்திரத்தில் வைக்காமல் 50, 60 மில்லியாகப் பிரித்துவைத்தால் வீணாகாது. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் மே மாதத்தில் அறை 33, 34 டிகிரிக்குப் போய்விடும், ஆகவே உடனே குளிர்சாதனப் பெட்டியில், கதவுப் பக்கமாக இல்லாமல் உள்பக்கமாக வையுங்கள். அங்கே 4 நாள் இருக்கும். குழந்தை வாய்வைத்த மீதியை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடுங்கள். கொட்ட மனம் வராது, தெரியும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும்.

பகலில் கப்பில் நாலு மடக்கு மட்டும் குடித்துவிட்டு, நீங்கள் வந்த பிறகு ராத்திரி முழுக்கப் பால் குடிக்கும் குழந்தைகள் உண்டு. உங்கள் தூக்கம் போகும், ஆனால் எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தால் குழந்தைக்குக் குறை ஒன்றுமில்லை. சில வாரங்களில் தானே சமன்படும். அந்த வாரங்களில் மற்ற வீட்டு வேலைகளை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கப்பில் எதையெல்லாம் ஊற்றலாம்?

ஒரு வயது வரை தாய்ப்பாலும் தண்ணீரும்தான். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 240 மில்லி போதும், அதற்குமேல் போனால் பால் குறையும்.

பசும்பாலைக் குடிபாலாகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான். அதற்குமுன் அதிகம் கொடுத்தால் இரும்புச் சத்து குறைந்து ரத்தசோகை வருகிறது. பழச்சாறும் ஒரு வயதுக்குமுன் வேண்டாம், பழத்தையே மசித்துக் கொடுங்கள். தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சுத் தொற்று கைக்குழந்தையைத் தாக்கும். டீ, காபி, சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், மால்ட் பானங்கள் எதுவும் வேண்டாம்.

கப் பழகினால் தாய்ப்பாலை மறந்துவிடுவானா?

மாட்டான். கப்பில் குடிப்பதும் மார்பில் குடிப்பதும் வேறு வேறு வாய் வேலைகள், குழந்தைகள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். பால் குறைவது வேறு காரணத்தால் நடக்கும். கப்பில் ஒரு வேளை குடித்துவிட்டால் அந்த வேளைக்கு மார்பில் குடிக்க மாட்டான், நீங்களும் பீய்ச்சவில்லை என்றால் சுரப்பு அதற்கேற்பக் குறையும். ஆகவே அவன் கப்பில் குடிக்கும் நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தாலும் பீய்ச்சிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையும் அதற்குமேலும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது.

சிப்பரை எப்படிக் கழுவுவது?

வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும், ஒவ்வொரு முறையும். வால்வின் மடிப்பிலும் ஸ்ட்ராவின் உள்ளேயும் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருப்பதைப் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். சோப்பும் வெந்நீரும், ஸ்ட்ராவுக்கு மெல்லிய பிரஷ், அப்புறம் முழுக்க உலர்த்துவது. டம்ளருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எப்போது நிறுத்துவது?

ஒன்றரை வயதுக்குள் திறந்த டம்ளர் முதன்மையாகிவிட வேண்டும். இரண்டு வயதில் சிப்பர் பயணத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் நல்லது. முழுநாளும் கையில் சிப்பரோடு சுற்றும் குழந்தைக்கு, உள்ளே இனிப்பான பால் இருந்தால் பல் சொத்தை வரும். அதைவிட நான் கவலைப்படுவது விழுவதைப் பற்றி. 1991 முதல் 2010 வரை அமெரிக்காவில் பாட்டில், சூப்பான், சிப்பர் மூன்றாலும் காயப்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 45,000 பேர். பெரும்பாலும் வாயில் வைத்துக்கொண்டு நடந்து விழுந்தவர்கள். குடிப்பது என்றால் உட்கார்ந்துதான் என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலுக்குள்ளும் தூளிக்குள்ளும் கப் போகக் கூடாது.

பஸ்ஸில் ஊருக்குப் போகிறோம். என்ன எடுத்துப்போவது?

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பிளாஸ்க், மூடி உள்ள சிப்பர் ஒன்று, கழுவ வழியில்லாவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. ஓடும் பஸ்ஸில் திறந்த டம்ளர் வேண்டாம், குலுங்கும்போது கெட்டி மூக்கு வைத்த சிப்பரும் ஈறில் குத்தும். வண்டி நின்றபிறகு கொடுங்கள். பாலைப் பொறுத்தவரை நீங்கள் கூட இருக்கிறீர்கள், ஆகவே பீய்ச்சிய பாலைச் சுமக்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. போகும் வழியில் எந்த நிலையத்தில் வண்டி அதிக நேரம் நிற்கும் என்று நடத்துநரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.